சீன டாக்டரம்மாவுக்காக ஒரு சஷ்டி

கோவில்பட்டிக்காரன் சிங்கப்பூருக்குப் போனால் திரும்பி வந்து கதை சொல்வான். பூங்காவில் கிளி சைக்கிள் ஓட்டியது, தெருவில் எச்சில் துப்பினால் அபராதம் என்றெல்லாம். நான் சிங்கப்பூரில் இருந்துகொண்டு கோவில்பட்டிக்குப் போய் வந்ததைச் சொல்லப் போகிறேன். பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்து, இரண்டு தடவையும் கணக்கோடு சண்டை போட்டுப் பிரிந்தவன். பிழை ஏதாவது தட்டுப்பட்டால் என் கணக்கு வாத்தியாரைத் திட்டிக்கொள்ளுங்கள்.

என் வேலையைச் சொல்லாவிட்டால் பயணம் புரியாது. அங்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் முயல் மேய்க்கிறேன். மேய்க்கிறது என்றால் புல்வெளியில் இல்லை. ஏ.சி. அறை, வரிசையாகக் கூண்டுகள். கழுவ வேண்டும், தீனி போட வேண்டும், டாக்டரம்மா கேட்டால் முயலைத் துண்டில் சுற்றி அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். டாக்டரம்மா சீனப் பெண். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வருமே, குளுக்கோமா, அந்த நோய்க்கு மருந்து செய்கிறார்.

இப்போது அந்த நோய்க்குச் சொட்டு மருந்துதான். காலையும் மாலையும், ஆயுசு முழுக்க. டாக்டரம்மா செய்கிற மருந்து ஒரு பொட்டு, எள்ளைவிடச் சின்னது. கண்ணின் வெள்ளைத் தோலுக்கு அடியில் ஒரு தடவை வைத்துவிட்டால், அங்கேயே கிடந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மாதக்கணக்கில் வேலை பார்க்கும். "சொட்டு விட்டால் அதில் பெரும்பங்கு கண்ணில் நிற்பதே இல்லை. மூக்கோரத்து ஓட்டை வழியாகத் தொண்டைக்கு ஓடிவிடுகிறது" என்று அவர் ஒரு நாள் தன் மாணவனிடம் இங்கிலீஷில் சொன்னார். கூண்டு கழுவிக்கொண்டே நான் அதைத் தமிழில் கேட்டேன்.

முயல்களுக்கு எண்தான் உண்டு. எனக்கும் எண்ணுக்கும் ஆகாது என்பதால் பெயர் வைத்துவிட்டேன். யாரிடமும் ஒட்டாமல் மூலையில் உட்கார்ந்திருப்பது அண்ணன். எதற்கெடுத்தாலும் மூக்கை ஆட்டுவது கணக்கு வாத்தியார். துண்டில் சுற்றியதும் நம்பி என் கையில் சாய்ந்துகொள்வது மதினி. மதினி முயலுக்கு அந்தப் பொட்டு வைத்திருக்கிறது. வாராவாரம் அளக்கிறார்கள், அழுத்தம் ஏறவே இல்லை.

ஊரில் இருக்கிற மதினிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

ஊரில் இருக்கிறவர் அண்ணன் பெண்டாட்டி. நான் டவுசர் போட்ட வயதிலேயே அம்மா போய்விட்டதால் என்னை வளர்த்தது அவர்தான். என் வாயை வளர்த்ததும் அவர்தான். தீப்பெட்டி ஆபீஸில் சட்டத்தில் குச்சி அடுக்கும் வேலை பார்த்தார். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர், உள்ளே நாற்காலி இல்லாவிட்டாலும். அடுக்கி வைத்த சட்டங்களைப் பக்கவாட்டில் இடித்து இடித்துத் தள்ளினார். கண் டாக்டரிடம் காட்டியபோதுதான் தெரிந்தது, அதே நோய்.

தீபாவளிக்கு லீவு கிடைத்தது. கிளம்பும் முன் டாக்டரம்மாவிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், ஒரே ஒரு பொட்டு கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"முயலுக்குப் பொறுத்தது மனிதக் கண்ணுக்குப் பொறுக்குமா என்று எனக்கே இன்னும் தெரியாது. உள்ளே வைத்துவிட்டால் திரும்ப எடுப்பது லேசில்லை. இன்னும் வருஷங்கள் ஆகும். அதுவரை சொட்டு மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது என்று உன் மதினியிடம் சொல். அவருக்கு இன்னும் எவ்வளவு பார்வை மீதி?"

எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

விமானம், விமானத்தில் கொடுத்த உப்பில்லாத இட்லி எல்லாம் வேண்டாம். பயணம் தொடங்குவது பஸ்ஸில்தான். முன்னால் பெரிதாகக் கோவில்பட்டி என்று எழுதியிருந்தது. நம்பி ஏறினேன். வெளியே நல்ல மழை. பைபாஸில் ஒரு புளியமரத்தடியில் பஸ் நின்றது.

"கோவில்பட்டில்லாம் எறங்குங்க" என்றார் கண்டக்டர்.

"அண்ணாச்சி, இது பைபாஸ்லா. ஊருக்குள்ள போகாதா? போர்டுல போட்டிருக்கே."

"போர்டு போகும். பஸ்ஸு போகாது. சீக்கிரம் எறங்குங்க."

சிங்கப்பூரில் பஸ் நிற்க வேண்டிய இடத்தில் கோடு போட்டிருப்பார்கள், சக்கரம் அந்தக் கோட்டில் நிற்கும். இங்கே கோடு கண்டக்டர் வாயில் இருக்கிறது. ஆனால் ஒன்று, சிங்கப்பூர் பஸ்காரர் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இவரிடம் திட்டு வாங்கியதும் ஊருக்கு வந்துவிட்ட மாதிரி நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆட்டோ பிடித்துப் பஸ் ஸ்டாண்டு, அங்கே ஒரு டீ, நாலு காராச்சேவு, பிறகு டவுன் பஸ். எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் ஓட்டப்பிடாரத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மழை பெய்தால் உள்ளே பஸ் வராது. ரோடு பிரிகிற விலக்கில் இறக்கிவிட்டுவிட்டார்கள். என்னிடம் சக்கரம் வைத்த பெட்டி இருந்தது. சிங்கப்பூர் தரையில் ஒரு விரலால் இழுத்தால் நாய்க்குட்டி மாதிரி கூடவே ஓடிவரும். கரிசல் சேற்றில் இறக்கியதுதான் தாமதம், சக்கரம் நான்கும் ஆளுக்கொரு உருண்டை களியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டன. என் புதுச் செருப்புகளும் ஆளுக்கொரு படி மண் சேர்த்துக்கொண்டன. பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

காட்டில் பருத்தி முளைவிட்டு நின்றது. மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எங்கள் பக்கம் வளர்ந்தவனுக்குத் தெலுங்கு காதில் ஏறாமல் இருக்காது.

"பெட்டிக்குச் சக்கரம் இருக்கு. ஆனா அவன்தான் சுமக்கான்" என்றார் அவர்.

"பெட்டிக்குச் சேத்துல நடக்கக் கூச்சமா இருக்கும், பாவம்" என்றது அந்த அம்மா.

நான் எனக்குத் தெரிந்த தெலுங்கில், "அடுத்த தடவை மாட்டு வண்டிச் சக்கரம் வச்ச பெட்டியா வாங்குறேன்" என்றேன். அந்த அம்மா சேற்றுக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

வீட்டு முற்றத்துத் தகரத் தாழ்வாரத்தில் மதினி உரலோரம் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சின்ன வயதிலிருந்து என் வழக்கம், பூனை மாதிரி பின்னால் போய்க் காதருகே கத்துவது. இந்தத் தடவை அப்படிப் போகவில்லை. களி ஒட்டிய காலைத் தப்தப்பென்று வைத்து, பக்கவாட்டில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் போய் நின்றேன். தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது, காலடி கேட்டிருக்காது. ஆனால் பார்க்கிற தூரம். மதினி புடைத்துக்கொண்டே இருந்தார். சிவப்புச் சட்டை, தலையில் நீலப் பெட்டி, திருவிழாத் தேர் மாதிரி நிற்கிறேன். அவருக்கு நான் இல்லை.

இருமினேன்.

"ஏலே மாரி! பூன மாதிரி வந்து நிக்கியே, ஈரக்கொல நடுங்கிப் போச்சு!"

"பூன மாதிரி வரல மதினி. பன்னி மாதிரி வந்தேன். காலப் பாருங்க."

அவர் தலையை மெதுவாகத் திருப்பி, ஏற்றி, இறக்கி, ஒரு சாவித் துவாரத்தின் வழியாகப் பார்ப்பதுபோல என்னைத் துண்டு துண்டாகப் பார்த்து முடித்தார். பிறகு, "கறுத்துட்டலே" என்றார். டாக்டரம்மா கேட்ட கேள்விக்குப் பாதி பதில் எனக்குக் கிடைத்துவிட்டது.

அண்ணன் சாயந்திரம் வந்தார். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறவர். அவர் வருவதற்கு முன்னே வெல்ல வாசனை வந்துவிடும். பேச்சு வராது. "வந்தியா" என்றார். சிங்கப்பூர் தேக்கா கடைவீதியில் வாங்கிய சட்டையைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம புதியம்புத்தூர்ல இதே சட்ட கிடைக்கும்லா" என்றார். அன்றைய பேச்சு அத்தோடு தீர்ந்தது.

மறுநாள் மதினியும் நானும் முறுக்குச் சுட்டோம். தெருவில் எல்லோரும் வந்து, "கண்ணு மருந்து செய்யுத கம்பெனியில நீதான் மேனேஜராமே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். "ஆமா, எனக்குக் கீழ நாப்பது பேரு. எல்லாவனுக்கும் காது நீளம்" என்றேன். கூட்டம் கலைந்த பிறகு மதினி எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே கேட்டார்.

"கொண்டாந்தியாலே?"

"எதை?"

"நடிக்காத."

முயலுக்கே பத்தலை என்று ஆரம்பித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதனால் டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். மதினி முறுக்கைத் திருப்பிப் போட்டார். அது சிவந்து, இன்னும் சிவந்து, கருகப் போகிற வரைக்கும் எடுக்கவில்லை.

"உள்ள வச்சா எப்படிலே வேல செய்யும்? கரைஞ்சு போயிராதா?"

"நம்ம கரிசக் காடு மாதிரி மதினி. ஐப்பசி மழைய ஒரு மட்டம் குடிச்சிட்டு, பொறவு மழையே இல்லாட்டாலும் தை மாசம் வரைக்கும் பருத்திக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஈரம் குடுக்குல்லா? அப்படி. சொட்டு மருந்துங்கது பாறையில தண்ணி ஊத்துத மாதிரி. ஊத்த ஊத்த ஓடிரும்."

"அப்போ கண்ணுக்குள்ள கரிசல அள்ளிப் போடுதாகன்னு சொல்லு." சட்டியிலிருந்து முறுக்கை எடுத்தார். "செரி. அந்த சீனா டாக்டரம்மா நல்லா இருக்காவளா? வேலையெல்லாம் தடங்கல் இல்லாம நடக்கா?"

மருந்து இல்லை என்ற பிறகும் அந்த அம்மாளை ஏன் விசாரிக்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

தீபாவளி நன்றாகப் போனது. எண்ணெய்க் குளியல், ஆட்டுக் குழம்பு, தோசை. சிங்கப்பூரில் தவளையைக் கஞ்சியில் போட்டுத் தின்கிறார்கள் என்று மதினி சாப்பிடும்போது சொல்லி அடி வாங்கினேன். தீபாவளி கழிந்த கையோடு கந்த சஷ்டி தொடங்கிவிடும். மதினி விடிகாலையில் தலைக்குக் குளித்து, ஈரப் புடவையோடு விளக்கேற்றி, விரதத்தில் உட்கார்ந்துவிட்டார். பகல் முழுக்க எச்சில்கூட விழுங்காத கணக்கு. பொழுது சாய்ந்து சாமி கும்பிட்ட பிறகு ஒரு தம்ளர் பால்.

சாமி படத்துக்குப் பக்கத்தில் சொட்டு மருந்துப் புட்டி இருந்தது. எடுத்து ஆட்டிப் பார்த்தேன். கனமாக இருந்தது.

"மதினி, இது புதுப் புட்டியா?"

"இல்ல, வாங்கி ரொம்ப நாளாச்சு. சஷ்டிக்கு நிறுத்தியிருக்கேன்."

"எதுக்கு நிறுத்தணும்? கண்ணுலதான விடுதீங்க, வாயிலயா?"

"கண்ணுல விட்டா தொண்டைக்கு வந்துருதுலே. கசப்பு அப்படியே எறங்குது. விரதத்துல தொண்டைல ஒண்ணு எறங்கலாமா?"

"ராத்திரி பாலு குடிக்கீங்களே, அப்பம் விடலாம்லா?"

"முருகனுக்கு வச்ச பாலு தொண்டைல நிக்கும்போது அதுக்கு மேல மருந்தா? போலே."

பேச்சுக் கொடுக்கக் கொடுக்கத்தான் முழுசாக வந்தது. நான் சிங்கப்பூர் போன பிறகு, முயல் கதையை போனில் சொன்ன நாள் முதல், செவ்வாய்க்கிழமை விரதம். மாதம் ஒரு கிருத்திகை, ஒரு சஷ்டி. அந்த நாளெல்லாம் மருந்து கிடையாது. கணக்கில் தோற்றவன்தான், ஆனாலும் விரலை மடக்கிப் பார்த்தேன். விரல் பத்தவில்லை.

"யாருக்கு மதினி இம்புட்டு விரதம்? எனக்கா?"

"உனக்கு எதுக்கு? நீ நல்லாத் திங்குத. அந்த சீனாக்காரி அம்மாவுக்குத்தான். அவிய செய்யுத மருந்து பலிக்கணும்னு நேந்திருக்கேன். பேரு தெரியாது. முருகனுக்குத் தெரியும்."

புட்டியைச் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். புது மருந்து வர வேண்டும் என்று கையில் இருந்த மருந்தை நிறுத்தியிருக்கிறார். சிங்கப்பூரில் அந்த அம்மாள் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டு குனிந்து நுண்ணோக்கி பார்க்கிற நேரமெல்லாம், கரிசல் காட்டு ஊர் ஒன்றில் அவருக்காக ஒருத்தி பட்டினி கிடந்து, தன் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அதனால் மறுநாள், கழுகுமலை முருகனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளப்பி, கோவில்பட்டியில் இறக்கி, நேரே கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். வாசலில் போர்டைத் தடவாத குறையாகப் படித்துவிட்டு, "முருகன் எப்பம்ல கண்ணாஸ்பத்திரி வச்சாரு?" என்றார் மதினி.

உள்ளே ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். மதினி ரொம்ப நேரம் அமுக்காமலே உட்கார்ந்திருந்தார். கரண்ட் போய்விட்டதா என்று நடுவில் கேட்டார். கரண்ட் இருந்தது, எனக்குத் தெரிந்தது. கடைசியில் ஒரு தாள் வந்தது. வட்டம் முழுக்கக் கறுப்பு, நடுவில் மட்டும் கொஞ்சம் வெள்ளை.

"என்னலே அது?"

"கரிசக் காட்டுல ஒரு வெள்ளாடு மேயுது மதினி."

"ஒத்த ஆடுதானா?" என்றார்.

டாக்டரும் ஒரு பெண்மணிதான், நரைத்த தலை, நல்ல பொறுமை. அழுத்தம் ஏறியிருக்கிறது என்றார். "மருந்து தவறாமப் போடுறீங்களாம்மா?"

"போடுதேன் டாக்டரம்மா."

நான் வாயைத் திறந்தேன். மதினி காலால் என்னை மிதித்தார். மிதி வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டாக்டர் திட்டப் போகிறார் என்று பார்த்தால், பேனாவை மூடி வைத்துவிட்டு மதினியின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"போன பார்வை திரும்பாதும்மா. இருக்கிறதைக் காப்பாத்தத்தான் மருந்து. தொண்டைக்கு இறங்குறதுதானே உங்களுக்குக் கஷ்டம்? சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரமா இந்த மூலையை விரலால அமுக்கிக்கோங்க. வழி அடைஞ்சிரும். மருந்து கண்ணுலயே நிக்கும், தொண்டைக்குப் போகாது."

மதினி தலையை ஆட்டினார். அது சரி என்கிற ஆட்டம் இல்லை, சீக்கிரம் விடுங்கள் என்கிற ஆட்டம் என்று எனக்குத் தெரியும்.

சொன்ன வாக்கு தவறக் கூடாதென்று கழுகுமலைக்கும் போனோம். பஸ்ஸில் என்னோடு பேசவில்லை. "காட்டிக் குடுத்துட்டியேலே" என்று ஒரே ஒரு தடவை, ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். குகைக் கோயிலில் நல்ல கூட்டம். தீபாராதனை காட்டினார்கள். மதினி கையைக் குவித்தபடி தலையை அங்குமிங்கும் நகர்த்திச் சுடரைப் பிடித்துக்கொண்டார். பிறகு சண்டையை மறந்து என் கையைப் பிடித்தார்.

"தீபம் தெரியுது. அவரு முகம் அகப்படலலே. என்ன அலங்காரம்?"

"சந்தனக் காப்பு மதினி. செவப்புப் பட்டு. கழுத்துல மால, உங்க ஒசரத்துக்கு இருக்கும்."

"சிரிக்காரா?"

"உங்களப் பாத்துத்தான்."

"பொய் சொல்லாத. கோயில்லயுமா."

பொய் இல்லை. ஆனால் அவர் நம்பவில்லை.

அந்த நம்பாமைதான் மறுநாள் காலையிலும் வந்து நின்றது. புட்டியை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். முதலில் என் இடது கண்ணில் ஒரு சொட்டு, அமுக்காமல். கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசப்பு. முகத்தைக் கோணிக் காட்டினேன். பிறகு வலது கண்ணில் ஒரு சொட்டு, மூக்கோரம் அமுக்கிக்கொண்டு. கசக்கவில்லை. (நீங்கள் யாரும் இப்படிச் செய்து பார்க்காதீர்கள். அடுத்தவர் மருந்தைத் தொட்டதற்கு டாக்டர் கேட்டால் தோலை உரிப்பார்.)

"கசக்கல மதினி. சத்தியமா."

"நீ எப்பம்ல நெசம் சொன்ன? செத்துப் போன பாம்பக் காட்டி அரணாக்கயிறுன்னு சொன்னவன்தான? நான் மருந்து விடணும்னு நடிக்க."

அம்மாடி. வாழ்நாளெல்லாம் ஜாலியாக விட்ட புளுகுகள் அத்தனையும் ஒன்றாகக் கூடி என் எதிரில் உட்கார்ந்திருந்தன. முதல் தடவையாக ஓர் உண்மை எனக்குத் தேவைப்பட்டது, அதற்கு என் வாய் உதவவில்லை.

அண்ணன் வேலைக்குக் கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் போல. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து, தலையை அண்ணாந்தார். "விடு" என்றார் என்னிடம்.

ஒரு கண்ணில் அமுக்காமல் விட்டேன். பாகு பதம் பார்க்கிறவர்போல வாயை மூடி நாக்கைச் சுழற்றினார். "கசக்கு." ஒரு சொம்புத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு வந்தார். மறு கண்ணில் விட்டேன். அவரே விரலால் மூலையை அமுக்கிக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் அவர் தொண்டைக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தோம். முழுங்கினார். இன்னொரு தடவை முழுங்கினார்.

"இல்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றார் மதினி.

"பாகுல ஒரு கல் உப்பு விழுந்தாலும் சொல்லிருவேன். என் நாக்கையா சந்தேகப்படுத?"

அண்ணன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. மதினியும் கேட்டிருக்க மாட்டார். கொஞ்ச நேரம் சாமி படத்தைப் பார்த்தார். பிறகு அண்ணன் பக்கமாக முகத்தை அண்ணாந்துகொண்டார். "முருகா, எறங்கினா இவியதான் பொறுப்பு."

அண்ணனே விட்டார். விட்டுவிட்டு, பாகு பட்டுப் பட்டுத் தழும்பேறிய அந்தத் தடித்த விரலை, கோழிக்குஞ்சைத் தொடுகிற மாதிரி மதினியின் மூக்கோரம் வைத்தார். என் நினைவு தெரிந்து, என் முன்னால் அவர் மதினியைத் தொட்டதில்லை. நான் கூரையைப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"விரலு என்ன இப்படிச் சொரசொரங்கு?" என்றார் மதினி, கண்ணை மூடியபடி.

"பாகு."

"கசக்கலங்க."

"ம்."

அன்றைக்கு மாலையும் விட்டார். சூரசம்ஹாரத்தன்றும் விட்டார். செவ்வாய்க்கிழமையும் கிருத்திகையும்கூட இனி அப்படித்தான் என்று அண்ணன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். என் தலையில் அடித்தால் செல்லாதாம். "விரதத்த மட்டும் விடச் சொல்லாத. அவிய இன்னும் மருந்த முடிக்கலல்லா" என்றார் மதினி. "முடிச்சிருவாவ" என்றேன். எப்போது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நெசத்தைத்தான் சொல்லியிருப்பேன், எனக்குத் தெரியாது என்று. அது எந்த வருஷம் வரும், அந்த வெள்ளை வட்டம் அதுவரை நிற்குமா என்று மனதுக்குள் இரண்டையும் பள்ளிக்கூடத்து ரயில் கணக்கு மாதிரி ஓட்டிப் பார்த்தேன். இரண்டும் சந்திக்கிற இடம் எனக்குத் தெரியவில்லை.

திரும்புகிற நாள் கோவில்பட்டி ஸ்டேஷனுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். பொழுது மசங்கிக்கொண்டிருந்தது. மசங்கினால் மதினிக்கு ஆள் அடையாளம் தெரியாது. அண்ணன் கடலைமிட்டாய்ப் பொட்டலங்களை என் பையில் திணித்தார். மதினி என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கிட்ட இழுத்து, நெற்றி, கண், மூக்கு என்று வரிசையாகப் பார்த்தார்.

"ஏறுனதும் ஜன்னல்ல கைய ஆட்டாதலே. ஆட்டுனா நான் எங்கன்னு தேட? பேசிக்கிட்டே போ. சத்தம் வாரப் பக்கம் பாத்துக்கிடுதேன்."

"என்னத்த பேச?"

"இம்புட்டு நாளும் யாரக் கேட்டுப் பேசுன?"

ரயில் நகர்ந்தது. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தேன். "மதினி, அண்ணன ரொம்பப் பேச விடாதீங்க, வாய் வலிக்கும்! மதினி, அடுத்த தீபாவளிக்குத் தவளக் கஞ்சி கொண்டாறேன்! மதினி, செவ்வாக்கெழம மறந்திராதீங்க!" அவர் முகம் என் குரலோடு சேர்ந்து திரும்பிக்கொண்டே வந்தது, சூரியகாந்தி மாதிரி. கை ஆடியது. "போக்கிரிப் பயல! கம்பியக் கெட்டியாப் பிடி!" என்று அங்கிருந்து கத்தினார்.

அடுத்ததாக என்னமோ சொல்லத்தான் நினைத்தேன். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். குரல் வரவில்லை. அந்த நேரம் பார்த்து, பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் ஒருவர், "கடலமுட்டாய்... கடலமுட்டாயேய்..." என்று நீட்டி முழங்கினார். மதினியின் முகம் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பியது. அந்தக் குரலைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். மதினியைத் திருப்பிவிடவில்லை.

கடலைமிட்டாய்க்காரர் ஒரு கணம் திகைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. பிறகு தட்டை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அவரும் கையைத் தூக்கி மதினிக்கு ஆட்டினார்.